சர்ட் புரோட்டீன்: ஒரு சவ்வுலேர்ந்து இன்னொரு சவ்வுக்கு கொழுப்பு எப்படி போகுது

ஸ்கூல் பயாலஜில செல் சவ்வுன்னா ரெண்டு வரிசை கொழுப்பு, நடுவுல அங்கங்க புரோட்டீன், அவ்ளோதான், ஒரு படம் போட்டு அஞ்சு மார்க்குக்கு முடிச்சிருவாங்க. ஆனா ஒரு மனித செல்லுக்குள்ள அந்த மாதிரி சவ்வு ஒண்ணு இல்ல, பல இருக்கு. வெளிச்சவ்வு ஒண்ணு, உள்ள எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்னு வலை மாதிரி ஒண்ணு (இனிமே இதை இஆர்னு மட்டும் சொல்றேன், முழுப்பேரை ஒவ்வொரு தடவையும் டைப் பண்ண முடியாது), கோல்ஜி (இஆர்லேர்ந்து வர்ற சரக்கை பதப்படுத்தி அனுப்புற அடுக்குகள்), மைட்டோகாண்ட்ரியா, லைசோசோம், நியூக்ளியஸை சுத்தி இருக்கிற சவ்வு, இப்படி. இது ஒவ்வொண்ணுலயும் இருக்கிற கொழுப்போட கலவை வேற வேற. உதாரணத்துக்கு ஸ்பிங்கோமைலின்னு ஒரு கொழுப்பு இருக்கு, அது செல்லோட வெளிச்சவ்வுல, அதுவும் வெளிப்பக்கம் பார்த்த அடுக்குல நிறைய இருக்கும், இஆர்ல ரொம்ப கம்மி. கொலஸ்ட்ராலும் அப்படித்தான், தயாராகுறது இஆர்ல, ஆனா குவிஞ்சு கிடக்கிறது வெளிச்சவ்வுல.

இங்கதான் கேள்வி. செல்லோட கொழுப்புல பெரும்பகுதி தயாராகுறது இஆர்ல. தயாரான இடத்துலேர்ந்து போக வேண்டிய இடத்துக்கு அது எப்படி போகுது? செல்லுக்குள்ள சவ்வுக்கும் சவ்வுக்கும் நடுவுல இருக்கிறது தண்ணி மாதிரியான சைட்டோசால், கொழுப்பு தண்ணியில கரையாது, அதனால ஒரு கொழுப்பு மூலக்கூறு தானா சவ்வை விட்டு எழும்பி நீந்தி அடுத்த சவ்வுக்கு போறதுங்கிறது சுலபமா நடக்கிற காரியம் இல்ல. நடக்கும், ஆனா சில வகை கொழுப்புக்கு நாள் கணக்குல ஆகும், செல்லுக்கு அவ்ளோ நேரம் கிடையாது.

ரொம்ப காலமா இதுக்கு ஒரு பதில் இருந்துச்சு: வெசிக்கிள். அதாவது ஒரு சவ்வுலேர்ந்து குட்டியா ஒரு குமிழ் மாதிரி பிஞ்சு போய் இன்னொரு சவ்வோட ஒட்டிக்கும், அப்படி போறப்ப உள்ள இருக்கிற புரோட்டீனும் சரி, குமிழோட சுவரா இருக்கிற கொழுப்பும் சரி, சேர்ந்தே போயிரும். இந்த வெசிக்கிள் போக்குவரத்து எப்படி நடக்குதுன்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் 2013ல ஜேம்ஸ் ராத்மன், ராண்டி ஷெக்மன், தாமஸ் சூடாஃப் மூணு பேருக்கும் மருத்துவ நோபல் கொடுத்தாங்க. அது உண்மைதான், பெரிய விஷயமும்தான். ஆனா கொழுப்பு விஷயத்துல அது மட்டுமே முழுக்கதை இல்ல. ஒரே ஒரு கொழுப்பு மூலக்கூறை மட்டும் தனியா பிடுங்கி எடுத்து, தண்ணி படாம மறைச்சு வச்சு, பக்கத்து சவ்வுல சொருகுற புரோட்டீன்கள் நம்ம உடம்புல நிறைய இருக்கு. அதுல எனக்கு ரொம்ப பிடிச்சது, கதையும் நல்லா இருக்கிறது, சர்ட். செராமைடு டிரான்ஸ்ஃபர் புரோட்டீன்கிறதோட சுருக்கம். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பத்திதான்.

மொதல்ல செராமைடு என்னன்னு பார்த்துருவோம். செராமைடுன்னதும் நிறைய பேருக்கு முகத்துக்கு போடுற கிரீம்தான் ஞாபகம் வரும், மாய்ஸ்சரைசர் டப்பா மேல பெருசா எழுதியிருக்கும். அதே குடும்பம்தான், தோலோட மேல் அடுக்குல தண்ணி வெளிய போகாம தடுக்கிறதுல செராமைடுக்கு பெரிய பங்கு இருக்கு. ஆனா நாம பேசப்போறது தோலுக்கு மட்டும் இருக்கிற சமாச்சாரம் இல்ல, கிட்டத்தட்ட எல்லா செல்லுக்குள்ளயும் ஒவ்வொரு நிமிஷமும் நடக்கிற வேலை. கிரீம்ல இருக்கிற செராமைடுக்கும் சர்ட்டுக்கும் சம்பந்தம் கிடையாது, யாராவது அப்படி சொல்லி எதையாவது வித்தா நம்பாதீங்க.

செராமைடுக்கு ரெண்டு நீளமான எண்ணெய்ப்பசை வால், மேல ஒரு சின்ன தலை. தலை ரொம்ப சின்னதுங்கிறதால தண்ணியோட அதுக்கு ஒட்டுறவே இல்ல, கொழுப்புலயே இது கொஞ்சம் அதிகமா தண்ணியை வெறுக்கிற ரகம். இதுக்கு தனியா பெரிய வேலைன்னு ஒண்ணு இருக்குறதை விட, இது ஒரு நடுவழி சரக்கு. இஆர்ல தயாராகும், அப்புறம் எங்க போய் சேருதோ அதைப் பொறுத்து வேற வேற பொருளா மாறும். கோல்ஜியோட ஒரு பகுதிக்கு போனா அதோட தலையில ஒரு குளுக்கோஸ் ஒட்டி குளுக்கோசில்செராமைடு ஆகும், அதுலேர்ந்துதான் கேங்லியோசைடு மாதிரி சர்க்கரை ஒட்டின பெரிய கொழுப்பெல்லாம் வரும். கோல்ஜியோட கடைசிப் பகுதிக்கு, அதாவது டிரான்ஸ் பக்கத்துக்கு போனா, அங்க இருக்கிற ஸ்பிங்கோமைலின் சின்தேஸ்ங்கிற என்சைம் அதுக்கு ஒரு பாஸ்போகோலின் தலையை ஒட்டிவிட்டு ஸ்பிங்கோமைலினா மாத்தும். எங்கயும் போகாம இஆர்லயே தேங்கிக் கிடந்தா அதுவும் பிரச்சனை, செராமைடு அளவுக்கு மேல சேர்ந்தா செல் தன்னைத்தானே அழிச்சுக்கிற பாதைக்கு போற வாய்ப்பு அதிகம்.

கவனிச்சீங்களா, மூலக்கூறு ஒண்ணுதான், அது என்னவா ஆகப்போகுதுன்னு முடிவு பண்றது அது எந்த சவ்வுல இறங்குதுங்கிறதுதான். என்சைம் இடத்தை விட்டு நகர்றதில்ல, அது தன் வீட்டுல உக்காந்திருக்கு. அப்போ சரக்கை எங்க கொண்டுபோய் இறக்குறாங்களோ அதுதான் தீர்ப்பு. அதனால கொழுப்பை தூக்கிட்டுப் போற புரோட்டீனை ஏதோ எடுபிடி வேலைன்னு நினைக்கக் கூடாது, செல்லோட கொழுப்புக் கணக்கை எழுதுறதே ஒரு வகையில அதுதான்.

இப்ப இதை எப்படி கண்டுபிடிச்சாங்கங்கிற கதைக்கு வருவோம், இதுல மண்புழு வருது. ஐசீனியா ஃபெட்டிடா, நம்ம ஊர்ல மண்புழு உரம் தயாரிக்கிறவங்க தொட்டியில விடுற சிவப்பு மண்புழு இருக்கே, அதேதான். அதோட உடம்புக்குள்ள இருக்கிற திரவத்துல லைசனின்னு ஒரு விஷப் புரோட்டீன் இருக்கு. இந்த லைசனின் செல்லோட வெளிச்சவ்வுல ஸ்பிங்கோமைலின் எங்க இருக்குன்னு தேடி அதுல போய் ஒட்டும், ஒட்டினதுக்கு அப்புறம் பல லைசனின் ஒண்ணு சேர்ந்து சவ்வுல ஓட்டை போடும், செல் செத்துரும். ஸ்பிங்கோமைலின் இல்லாத செல்லை அது சீண்டாது.

டோக்கியோல இருக்கிற ஜப்பானோட தேசிய தொற்றுநோய் ஆய்வு நிறுவனத்துல கென்டாரோ ஹனாடாவும் அவரோட குழுவும் இதை வச்சு ஒரு நல்ல யோசனை பண்ணாங்க. சைனீஸ் ஹாம்ஸ்டரோட சினைப்பையிலேர்ந்து எடுத்த செல்கள், லேப்ல எல்லாரும் பயன்படுத்துற சோ செல்கள்னு சொல்லுவாங்க, அதை எடுத்து அதோட ஜீன்கள்ல அங்கங்க மாற்றம் வர்ற மாதிரி ரசாயனம் கொடுத்து, அதுக்கப்புறம் லைசனினை ஊத்துனாங்க. கிட்டத்தட்ட எல்லாம் செத்துருச்சு. சாகாம தப்பிச்ச கொஞ்சம் செல்கள் ஏன் தப்பிச்சதுன்னா வெளிச்சவ்வுல ஸ்பிங்கோமைலின் குறைவா இருந்ததால. அப்போ அந்த செல்கள்ல ஸ்பிங்கோமைலின் தயாரிக்கிற வழியில எங்கயோ ஏதோ கெட்டுப்போயிருக்கணும். அப்படி கிடைச்சதுல ஒரு வகைக்கு எல்ஒய்-ஏன்னு பேர் வச்சாங்க, இது 1998ல வெளிவந்துச்சு. இன்னொண்ணு எல்ஒய்-பி, அதுல பிரச்சனை ரொம்ப ஆரம்பத்துலயே, இந்த வகை கொழுப்பு தயாரிக்கிற முதல் என்சைமே வேலை செய்யல, அதனால அது புரிஞ்சுக்க சுலபம்.

எல்ஒய்-ஏதான் குழப்பம். செல்லை உடைச்சு என்சைம்களை மட்டும் தனியா சோதிச்சுப் பார்த்தா எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுது. செராமைடு தயாராகுது, ஸ்பிங்கோமைலின் சின்தேஸும் நல்லா இருக்கு. ஆனா முழு செல்லா இருக்கிறப்ப ஸ்பிங்கோமைலின் மட்டும் சரியா வரல. இஆர்லேர்ந்து கோல்ஜிக்கு புரோட்டீன் போறதுல ஒரு தடங்கலும் இல்ல, அப்போ வெசிக்கிள் வண்டி ஓடுது. ஒளிரும் சாயம் ஒட்டின செராமைடை உள்ள விட்டு மைக்ராஸ்கோப்ல பார்த்தாங்க, சாதாரண செல்லுல கொஞ்ச நேரத்துல நியூக்ளியஸ் பக்கத்துல கோல்ஜி இருக்கிற இடத்துல போய் குவிஞ்சு மின்னுது, எல்ஒய்-ஏ செல்லுல இஆர் வலை முழுக்க பரவி அப்படியே கிடக்குது, நகரவே இல்ல.

இதுக்கப்புறம் அவங்க பண்ண ஒரு சோதனைதான் எனக்கு இந்த மொத்தக் கதையிலயே பிடிச்சது. பிரெஃபெல்டின் ஏன்னு ஒரு மருந்து இருக்கு, அதை செல்லுக்கு கொடுத்தா கோல்ஜி கலைஞ்சு போய் இஆரோட கலந்துரும். அதாவது ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற தூரமே இல்லாம போயிரும், கோல்ஜியில இருந்த என்சைம் இப்ப இஆர்லயே இருக்கும். எல்ஒய்-ஏ செல்லுக்கு இதை கொடுத்தா என்ன ஆச்சு தெரியுமா, ஸ்பிங்கோமைலின் சாதாரண செல்லு அளவுக்கு தயாராக ஆரம்பிச்சிருச்சு! இதை விட தெளிவா சொல்ல முடியாது. சரக்கும் இருக்கு, தொழிலாளியும் இருக்கு, இங்கேர்ந்து அங்க கொண்டுபோறதுக்குத்தான் ஆள் இல்ல.

அந்த ஆள் யாருன்னு தேடுனதும் கெட்டிக்காரத்தனமா பண்ணாங்க. ஸ்பிங்கோமைலின் குறைவா இருக்கிற செல்லுல கொலஸ்ட்ரால் சவ்வுல சரியா ஒட்டி நிக்காது, மெத்தில் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின்னு ஒரு பொருளை ஊத்தினா கொலஸ்ட்ராலை அது உருவி எடுத்துரும், செல் சுலபமா செத்துரும். அப்போ மனித செல்லுலேர்ந்து எடுத்த ஜீன்களை வைரஸ் மூலமா எல்ஒய்-ஏ செல்களுக்குள்ள செல்லுக்கு ஒண்ணு ரெண்டுன்னு விட்டுட்டு, சைக்ளோடெக்ஸ்ட்ரின் ஊத்தினா எந்த செல்லுக்கு சரியான ஜீன் போய் சேர்ந்து ஸ்பிங்கோமைலின் திரும்ப வந்திருக்கோ அது மட்டும்தான் பொழைக்கும். பொழைச்சதை எடுத்து உள்ள எந்த மனித ஜீன் இருக்குன்னு பார்த்தா முடிஞ்சது. மொதல்ல ஸ்பிங்கோமைலின் இல்லாததை தேட மண்புழு விஷம், அப்புறம் இருக்கிறதை தேட சைக்ளோடெக்ஸ்ட்ரின். 2003ல நேச்சர் பத்திரிகையில வந்துச்சு, அந்த புரோட்டீனுக்கு சர்ட்னு பேர் வச்சாங்க.

சரி, சர்ட் எப்படி இருக்கும். 598 அமினோ அமிலம் வரிசையா கோர்த்த ஒரு புரோட்டீன், பெருசும் இல்ல சின்னதும் இல்ல. அதுல மூணு பகுதியை தெரிஞ்சுக்கிட்டா போதும்.

ஒரு முனையில பிஎச் டொமைன். இது பிஐ4பிங்கிற ஒரு கொழுப்பை அடையாளம் கண்டு பிடிச்சுக்கும். பிஐ4பி கோல்ஜியோட டிரான்ஸ் பக்கத்துல நிறைய இருக்கும், அதனால அது ஒரு விலாசம் மாதிரி வேலை செய்யுது, பிஎச் டொமைன் போய் ஒட்டினா அது கோல்ஜி. எல்ஒய்-ஏ செல்லுல என்ன கெட்டுப்போயிருந்ததுன்னு பின்னாடி பார்த்தா சர்ட்டோட 67வது அமினோ அமிலம், கிளைசின் இருக்க வேண்டிய இடத்துல குளுட்டமிக் அமிலம் வந்திருக்கு. ஒரே ஒரு எழுத்துப்பிழைதான், ஆனா அது இருக்கிறது பிஎச் டொமைனுக்குள்ள, அதனால பிஐ4பியை பிடிக்க முடியல, கோல்ஜி எங்க இருக்குன்னே அந்த சர்ட்டுக்கு தெரியல. செராமைடை தூக்குற பகுதி நல்லாத்தான் இருந்துச்சு, விலாசம் தெரியாததால மொத்த வேலையும் கெட்டுச்சு.

நடுவுல ஃபேட் மோட்டிஃப்னு ஒரு சின்ன துண்டு. அது இஆர் சவ்வுல நட்டு வச்சிருக்கிற வாப்ங்கிற புரோட்டீனை பிடிச்சுக்கும். ஆக பிஎச் டொமைன் கோல்ஜியில, ஃபேட் மோட்டிஃப் இஆர்ல. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்களே, ஒரு முடிவுக்கு வராம ரெண்டு பக்கமும் நிக்கிறவங்களை திட்டுறதுக்கு, சர்ட்டுக்கு அதுதான் சரியான நிலை, அப்படி நின்னாத்தான் வேலையே நடக்கும். இஆரும் கோல்ஜியோட டிரான்ஸ் பக்கமும் சில இடத்துல ரொம்ப நெருங்கி வரும், நடுவுல ஒரு 10லேர்ந்து 20 நானோமீட்டர் இடைவெளிதான். மனுஷ முடியோட தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர்னு வச்சுக்கிட்டா எவ்ளோ நெருக்கம்னு புரியும். இந்த மாதிரி ரெண்டு சவ்வு கலக்காம, ஆனா உரசுற அளவுக்கு நெருங்கி இருக்கிற இடங்களை மெம்பிரேன் காண்டாக்ட் சைட்னு சொல்றாங்க.

கடைசி முனையில ஸ்டார்ட் டொமைன், இதுதான் செராமைடை தூக்குற கை. 2008ல இதோட அமைப்பை எக்ஸ்ரே கிரிஸ்டல் முறையில செராமைடு உள்ள இருக்கிறப்பவே படம் எடுத்தாங்க. உள்ள நீளமா ஒரு குழி, குழியோட சுவர் முழுக்க எண்ணெய்ப்பசை விரும்புற அமினோ அமிலங்கள், அதுக்குள்ள ஒரே ஒரு செராமைடு மூலக்கூறு முழுசா புதைஞ்சு உக்காரும். செராமைடோட தலையில இருக்கிற ஆக்சிஜன், நைட்ரஜன் அணுக்களை குழியோட அடியில இருக்கிற சில அமினோ அமிலங்கள் ஹைட்ரஜன் பிணைப்பு போட்டு இறுக்கி பிடிச்சுக்கும். இதை கொஞ்சம் மனசுல வாங்கிப் பாருங்க: சவ்வுல இருக்கிறப்ப செராமைடோட தலை தண்ணிப் பக்கம், வால் உள்பக்கம். குழிக்குள்ள தலை ஆழத்துல போயிருது. அப்போ தலை முதல்ல உள்ள போய், பின்னாடியே ரெண்டு வாலும் உருவிக்கிட்டு வரணும், நடுவுல தண்ணி படவே கூடாது. அதுக்குத்தான் குழி வாசல்கிட்ட ரெண்டு டிரிப்டோஃபேன் அமினோ அமிலங்கள் துருத்திக்கிட்டு இருக்கு, அது சவ்வுக்குள்ள குத்தி ஸ்டார்ட் டொமைனை சவ்வோட ஒட்ட வைக்குது, வாசலை மூடியிருக்கிற வளையம் திறக்குது, செராமைடு உள்ள வழுக்கிக்கிட்டு போகுது, வாசல் மூடிக்குது.

குழியோட அளவும் முக்கியம். செராமைடோட ஒரு வால் எல்லாருக்கும் ஒரே மாதிரி, இன்னொரு வாலோட நீளம்தான் மாறும், 16, 18, 20 கார்பன் வரைக்கும் இருக்கிறதை சர்ட் நல்லா தூக்கும், அதுக்கு மேல நீளமானா குழிக்குள்ள சரியா அடங்காது. ஸ்பிங்கோமைலின், கொலஸ்ட்ரால், சாதாரண பாஸ்போலிப்பிட் இதையெல்லாம் தூக்காது, தலை பெருசு இல்லன்னா வடிவமே வேற. டைஅசில்கிளிசரால்ங்கிற கொழுப்பு மட்டும் கொஞ்சம் செராமைடு சாயல்ல இருக்கிறதால அதை லேசா தூக்கும், அதுவும் பேருக்குத்தான்.

இப்ப பாடப்புத்தகம், யூடியூப் வீடியோ படங்கள்ல எல்லாம் சர்ட்டை இஆர்லேர்ந்து கிளம்பி சைட்டோசால் முழுக்க ஓடிப்போய் கோல்ஜியில இறக்குற மாதிரி வரைவாங்க. ரெண்டு காலும் ரெண்டு பக்கம் பிடிச்சுக்கிட்டு நடுவுல ஸ்டார்ட் டொமைன் மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடிக்கிட்டே எடுத்து எடுத்து வைக்குதுங்கிறதுதான் எனக்கு நியாயமா படுது, ஃபேட் மோட்டிஃபையோ பிஎச் டொமைனையோ கெடுத்தா செல்லுக்குள்ள வேலை படுத்துடுதுங்கிறது அதுக்கு நல்ல சாட்சி. வெறும் ஓடிப்போய் கொடுக்கிற வேலைன்னா இவ்ளோ பிடிமானம் தேவைப்பட்டிருக்காது.

போன இடத்துல என்ன ஆகுது? சர்ட் செராமைடை இறக்குறது கோல்ஜி சவ்வோட வெளிப்பக்க அடுக்குல, ஆனா ஸ்பிங்கோமைலின் சின்தேஸோட வேலை செய்யிற பக்கம் கோல்ஜிக்கு உள்ள பார்த்து இருக்கு. செராமைடு தலை சின்னதுங்கிறதால சவ்வோட ஒரு அடுக்குலேர்ந்து இன்னொரு அடுக்குக்கு தானே குட்டிக்கரணம் அடிச்சுரும், அங்க என்சைம் பிடிச்சு பாஸ்போகோலின் தலையை ஒட்டிரும். ஒட்டினதுக்கு அப்புறம் தலை பெருசாயிருச்சு, மின்சுமையும் வந்திருச்சு, திரும்பி குட்டிக்கரணம் அடிக்க முடியாது. உள்பக்கத்துலயே மாட்டிக்கிட்டு, அப்புறம் வெசிக்கிள்ல ஏறி வெளிச்சவ்வுக்கு போய், கோல்ஜியோட உள்பக்கம்ங்கிறது வெளிச்சவ்வோட வெளிப்பக்கமா மாறுங்கிறதால, செல்லோட வெளிப்பக்க அடுக்குல போய் சேரும். ஆரம்பத்துல சொன்னேனே வெளிப்பக்க அடுக்குலதான் ஸ்பிங்கோமைலின் நிறையன்னு, அதுக்கு காரணம் இதுதான். செராமைடு ஒரே திசையில ஓடிக்கிட்டு இருக்கிறதுக்கும் இதுதான் காரணம், கோல்ஜி பக்கம் வந்ததை என்சைம் உடனே காலி பண்ணிக்கிட்டே இருக்கு, அதனால திரும்ப தூக்கிட்டு வர்றதுக்கு அங்க செராமைடு மிச்சம் இருக்காது.

குளுக்கோசில்செராமைடு ஆகுற செராமைடு இந்த வழியில வர்றதில்ல, அது பெரும்பாலும் வெசிக்கிள் வழியாவே போகுதுங்கிறது எல்ஒய்-ஏ செல்லுலேர்ந்தே தெரிஞ்சது, ஏன்னா அந்த செல்லுல ஸ்பிங்கோமைலின்தான் அடிவாங்குச்சு, குளுக்கோசில்செராமைடு பெருசா பாதிக்கப்படல. ஒரே ஊர்லேர்ந்து கிளம்பற சரக்குக்கு ரெண்டு ரோடு.

இது வரைக்கும் சொன்னது கேஸ் கொடுக்கிற பெடல். பிரேக்கை பத்தி சொல்லணும், உண்மையில நோய்ங்கிற கோணத்துல பார்த்தா பிரேக்தான் பெரிய விஷயம். ஸ்பிங்கோமைலின் தயாராகுறப்ப கூடவே ஒரு உபரி வரும்: பாஸ்போகோலின் தலையை என்சைம் பாஸ்ஃபடிடில்கோலின்ங்கிற இன்னொரு சவ்வுக் கொழுப்புகிட்டேர்ந்துதான் பிடுங்குது, பிடுங்கினதுக்கு அப்புறம் மிச்சம் இருக்கிறது டைஅசில்கிளிசரால். அது கோல்ஜி சவ்வுல சேர சேர, பிகேடிங்கிற என்சைமை அங்க வரவழைக்கும், பிகேடி வந்து சர்ட்டோட 132வது இடத்துல இருக்கிற செரீன்ங்கிற அமினோ அமிலத்துல ஒரு பாஸ்பேட்டை ஒட்டும். அதுக்கு பக்கத்துலயே செரீன் செரீனா ஒரு வரிசை இருக்கு, முதல் பாஸ்பேட் விழுந்ததும் கேசீன் கைனேஸ் வகையைச் சேர்ந்த இன்னொரு என்சைம் வந்து அந்த வரிசை முழுக்க பாஸ்பேட்டை அடுக்கிரும். அப்படி அடுக்கினதும் சர்ட் தன்னைத்தானே மடக்கிக்கிட்டு, பிஎச் டொமைன் பிஐ4பியை பிடிக்க முடியாம, ஸ்டார்ட் டொமைனும் மந்தமாகி, வேலையை நிறுத்திரும். அதாவது வேலை அதிகமானா வேலையோட மிச்சமே வந்து போதும்னு நிறுத்துது. பின்னாடி பாஸ்பேட்டை கழட்ட வேற ஒரு என்சைம் இருக்கு, கழட்டினா மறுபடி ஓட ஆரம்பிக்கும்.

சர்ட் இல்லாமலே போனா என்ன ஆகும்னு விலங்குகள்ல பார்த்திருக்காங்க. பழ ஈ சர்ட் இல்லாம பொறக்கும், வளரும், ஆனா சீக்கிரமே மூப்படைஞ்சு செத்துரும், ஆக்சிஜனால வர்ற சேதத்தை அதோட சவ்வு தாங்கறதில்ல, இது 2007ல வந்த ஆய்வு. எலி அந்த அளவுக்குக் கூட போகாது, கருவுலயே சுமார் பதினோரு நாள்ல இறந்துரும், செராமைடு இஆர்லயும் மைட்டோகாண்ட்ரியாலயும் தேங்கி மைட்டோகாண்ட்ரியா வீங்கி சிதைஞ்சு போயிருந்துச்சு. ஆக இல்லாம முடியாது.

அதிகமானா? இதுக்கு பதில் மனுஷங்ககிட்டேர்ந்தே கிடைச்சது. வளர்ச்சி தாமதம், அறிவுத்திறன் குறைபாடு இருக்கிற குழந்தைகளோட ஜீன்களை முழுசா வரிசைப்படுத்திப் பார்க்கிற ஆய்வுகள் 2012லேர்ந்து வர ஆரம்பிச்சதுல, அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் இல்லாம குழந்தைக்கு மட்டும் புதுசா வந்த மாற்றங்கள்ல சர்ட் ஜீனும் தலை காட்டுச்சு. அதுல திரும்பத் திரும்ப வந்த ஒண்ணு, நாம இப்ப பார்த்தோமே அந்த 132வது செரீன், அது லூசினா மாறியிருந்துச்சு. லூசின்ல பாஸ்பேட் ஒட்ட முடியாது. பாஸ்பேட் ஒட்டலைன்னா பிரேக் இல்ல. சர்ட் நிக்காம செராமைடை தூக்கிக்கிட்டே இருக்கும், ஸ்பிங்கோமைலினும் அது சார்ந்த கொழுப்பும் அளவுக்கு மேல தயாராகும். 2023ல ஒரு பெரிய சர்வதேசக் குழு இந்த மாதிரி 31 பேரை சேர்த்து வெளியிட்டாங்க, 22 வகை மாற்றங்கள், பேச்சு தாமதம், வலிப்பு, வளர்ச்சி தாமதம்னு. பெரும்பாலும் அந்த செரீன் வரிசையிலோ இல்ல அதை மடக்கி வைக்கிறதுக்கு உதவுற இடங்கள்லயோ மாற்றம். நரம்பு செல்லுக்கு ஸ்பிங்கோமைலின் நிறைய வேணும்னுதான் நாம நினைப்போம், நரம்பை சுத்தி இருக்கிற மைலின் உறையிலயே அது ஏகப்பட்டது இருக்கு, ஆனா அளவு தப்பினா மூளை வளர்ச்சியே தடுமாறுது.

இதுக்கு மருந்து உண்டான்னு கேட்டா, ஒரு நல்ல ஆரம்பம் இருக்கு. எச்பிஏ-12ன்னு ஒரு செயற்கை மூலக்கூறு, செராமைடு மாதிரியே தோற்றம், ஸ்டார்ட் டொமைன் குழிக்குள்ள போய் உக்காந்துக்கிட்டு செராமைடுக்கு இடம் விடாது. வேடிக்கை என்னன்னா இதை கண்டுபிடிச்சது 2001ல, அதாவது சர்ட்னு ஒரு புரோட்டீன் இருக்குறதே தெரியிறதுக்கு முன்னாடி, ஸ்பிங்கோமைலின் தயாரிப்பை குறைக்கிற பொருள்னு மட்டும்தான் தெரியும். மேல சொன்ன 2023 ஆய்வுல, இந்த மனித மாற்றத்தை பழ ஈக்கு கொடுத்து, அதுக்கு வந்த உடல், நடமாட்டக் கோளாறுகள் எச்பிஏ-12 கொடுத்தப்ப சரியானதை காட்டுனாங்க. ஈயில சரியானது குழந்தையில சரியாகும்னு அர்த்தம் இல்ல, அதுவும் முழுசா அடைச்சுட்டா எலிக்கரு மாதிரி ஆயிருமே, அதனால எவ்ளோ கொடுக்கணும் எப்போ கொடுக்கணும்ங்கிறதுதான் கஷ்டமான பகுதி. கேன்சர் பக்கமும் இதை பார்க்கிறாங்க, பாக்லிடாக்சல் மாதிரி மருந்து கொடுக்கிறப்ப கேன்சர் செல்லுல சர்ட்டை குறைச்சா செல் சுலபமா சாகுதுன்னு 2007லயே லேப்ல பார்த்திருக்காங்க, செராமைடு தேங்கினா செல்லுக்கு ஆகாதுங்கிற அதே கணக்கு.

நம்ம செல்லுக்கு மட்டும் இல்ல, கிருமிக்கும் சர்ட்டோட அருமை தெரிஞ்சிருக்கு. கிளமிடியா டிராக்கோமேட்டிஸ்னு ஒரு பாக்டீரியா, கண்ணுல டிராக்கோமாவும் பாலுறவு மூலமா பரவுற தொற்றும் தர்றது. இது செல்லுக்குள்ள தனக்குன்னு ஒரு சவ்வு அறை கட்டிக்கிட்டு அதுக்குள்ளதான் வாழும், அந்த அறை சுவருக்கு ஸ்பிங்கோமைலின் வேணும், அதுக்கு அது செஞ்ச வேலை சூப்பர்: இன்க்டின்னு ஒரு புரோட்டீனை அறையோட சுவர்ல நட்டு வச்சு, சர்ட்டோட பிஎச் டொமைனை அதுல மாட்டிக்குது. பிஎச் டொமைன் கோல்ஜியை பிடிக்கிறதுக்கு பதிலா கிருமியோட அறையை பிடிச்சுக்குது, இன்னொரு கால் வழக்கம்போல இஆர்ல வாப் மேல, நடுவுல செராமைடு கிருமி அறைக்கு போக ஆரம்பிச்சிருது. 2011ல வந்த கண்டுபிடிப்பு. விலாசத்தை மட்டும் மாத்துனாங்க, மத்த எல்லாம் அப்படியே.

சர்ட் மாதிரி ஆட்கள் இன்னும் நிறைய பேர் இருக்காங்கன்னு சொன்னேன், ஒரு எட்டு பார்த்துட்டு போயிரலாம். ஸ்டார்ட் டொமைன் உள்ள புரோட்டீன் மட்டுமே மனுஷங்ககிட்ட 15 இருக்கு, அதுல ஸ்டார்டி1ங்கிறது மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள கொலஸ்ட்ராலை அனுப்பற வேலைக்கு அவசியம், அதுலேர்ந்துதான் ஸ்டீராய்டு ஹார்மோன் தயாரிப்பே தொடங்குது, அது கெட்டா குழந்தை பொறந்ததும் அட்ரீனல் சுரப்பி ஹார்மோன் இல்லாம உயிருக்கே ஆபத்து ஆயிரும். ஓஎஸ்பிபின்னு இன்னொண்ணு, சர்ட் நிக்கிற அதே இடத்துலதான் நிக்கும், கொலஸ்ட்ராலை கோல்ஜிக்கு கொடுத்துட்டு திரும்பி வர்றப்ப பிஐ4பியை தூக்கிட்டு வரும், வெறுங்கையோட திரும்பாது. விபிஎஸ்13ஏன்னு ஒண்ணு வேற ரகம், ஒண்ணொண்ணா தூக்குறதே இல்ல, ரெண்டு சவ்வுக்கும் நடுவுல நீளமா ஒரு வாய்க்கால் மாதிரி படுத்துக்கும், கொழுப்பு மொத்தமா அது வழியா ஓடும், புதுசா சவ்வு நிறைய தேவைப்படுற நேரத்துக்கு அந்த முறை. இதுல ஒவ்வொண்ணுமே தனிக்கட்டுரை போடலாம்.

இதை மேல படிக்க நினைக்கிறவங்களுக்கு ஒரு தலைவலி, பேர். சர்ட் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே 1999ல ஸ்பெயின்ல ஒரு குழு இதே ஜீனோட கொஞ்சம் நீளமான வடிவத்தை, 624 அமினோ அமிலம் உள்ளதை, வேற காரணத்துக்காக கண்டுபிடிச்சிருந்தாங்க. குட்பாஸ்ச்சர்னு ஒரு நோய், உடம்போட நோயெதிர்ப்பு சக்தியே சிறுநீரகத்துலயும் நுரையீரல்லயும் இருக்கிற ஒரு வகை கொலாஜனை தாக்கும், அந்த கொலாஜனோட ஒட்டுற புரோட்டீன்னு நினைச்சு ஜிபிபிபின்னு பேர் வச்சாங்க, ஜீனுக்கும் அதை வச்சே சிஓஎல்4ஏ3பிபின்னு நாலாம் வகை கொலாஜன் பேர்லதான் பேர் விழுந்துச்சு. கொழுப்பு தூக்குற வேலைக்கும் அந்த பேருக்கும் ஒட்டுறவே கிடையாது. பின்னாடி சர்ட்1னு மாத்திட்டாங்க, ஆனா பழைய ஆய்வுக் கட்டுரை, பழைய ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாத்துலயும் பழைய பேர்தான் இருக்கும், அதனால தேடுறப்ப ரெண்டு பேரையும் போட்டு தேடுங்க, இல்லன்னா பாதி விஷயம் கண்ணுல படாது.